சுண்டுவிரலுக்கு மூடும் கதவு

நெவ்ஸாத் உஸ்தாவுக்கு (கைத்தொழில் மேஸ்திரியை எங்கள் ஊரில் உஸ்தா என்போம்) பெருமை என்று ஒன்றே ஒன்றுதான். அவர் கட்டி நிறுத்திய பாய்மரங்கள் நாற்பத்தொன்று, ஒன்றுகூட விழுந்ததில்லை. உர்லா படகுத்துறையில் யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் சரி, கால்பந்தோ கத்தரிக்காய்ப் பொரியலோ, மூன்றாவது வாக்கியத்தில் அந்த நாற்பத்தொன்று வந்து நிற்கும்.

பந்தயப் படகில் மரத்தை நேராக நிறுத்துவது அவர் வேலை. இரண்டு பக்கமும் எஃகுக் கம்பிகள், அவற்றின் அடியில் திருகுகள். தளர விட்டால் மரம் சாயும். அளவு மீறி இறுக்கினால் மரம் படகின் வயிற்றில் அழுந்தி, படகே வளைந்துபோகும். இதை அளக்கச் சீமான்கள் கருவி வாங்கி வைத்திருந்தார்கள். நெவ்ஸாத் படகுக்குள் கீழே இறங்கி, அங்கே இருக்கும் கழிவறைக் கதவைச் சுண்டுவிரலால் தள்ளுவார். மூடினால் அளவு சரி. சிக்கினால் படகு வளைந்திருக்கிறது. சரியான இடத்தில் திருகின்மேல் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டுவிட்டு, மேலே வந்து டீ கேட்பார்.

நான் மருந்துக்கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் ஃபெரிதுனின் படகில் பாய்க்கயிறு இழுக்கிறவன். படகின் பெயர் ஃபிர்தினா, அதாவது புயல். போன வருஷம் ஒரு பந்தயம் விடாமல் கடைசியில் வந்த புயல் அது.

டாக்டர் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கு. எங்கள் படகுச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அவர் எந்தக் கடையில் மீன் தின்றாரோ, மற்ற ஒன்பது படகுக்காரர்களும் அடுத்த வாரம் அங்கேதான் தின்பார்கள்.

படகு ஓடும்போது காற்று அடிக்கிற பக்கத்துக் கம்பி விறைப்பாக நிற்கும், மறுபக்கத்துக் கம்பி கொஞ்சம் தொங்கும். இது இயற்கை. டாக்டருக்கு மட்டும் அது பொறுக்காது.

"உஸ்தா, இங்க பாரு, கம்பி தொங்குது."

"தொங்கட்டும் டாக்டரே. படகு திரும்பினா இது நிமிரும், அது தொங்கும்."

"முப்பது வருஷமா கம்பி இறுக்குறவன்யா நான்!"

"பல்லு நகரணும்னு இறுக்குறீங்க. மரம் அங்கயே நிக்கணும்னு நான் விடுறேன்."

டாக்டர் இரண்டு சுற்று இறுக்குவார். படகு திரும்பும். இப்போது அந்தப் பக்கம் தொங்கும். அங்கேயும் இரண்டு சுற்று. கரந்தினா தீவை எட்டுவதற்குள் மரம் முனக ஆரம்பித்துவிடும். நாங்கள் கடைசியில் வருவோம். பழி நெவ்ஸாத் தலையில் விழும்.

இந்த வருஷக் கோப்பைப் பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மொத மூணுக்குள்ள வரலேன்னா அப்புறம் நீ இந்தத் துறையில கால வைக்க வேணாம் உஸ்தா. இத்தாலிலேருந்து ஒருத்தன் வரான், கம்ப்யூட்டரோட."

"வரட்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சுண்டுவிரல் இருக்கான்னு கேட்டுக்கோங்க."

எல்லாரும் சிரித்தோம். நெவ்ஸாத் சிரிக்கவில்லை. தலைவர் துரத்தினால் மற்ற ஒன்பது பேரும் துரத்துவார்கள். அன்று மாலை இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர், "அம்பத்தெட்டு வயசுல நான் வேற என்னத்தக் கத்துக்க?" என்று கேட்டார். நான் மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு மத்தியானம், தினமும் கடலிலிருந்து வீசும் இம்பாத் காற்று நேரத்துக்கு வந்தது. காலையில் நெவ்ஸாத் சிவப்புக் கோட்டில் நிறுத்திய திருகுகளை, பந்தயம் தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் இரண்டு பக்கமும் ஆறு சுற்று இறுக்கிவிட்டார். பிறகு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் போவதுபோல, கழிவறைக்குப் போனார். கதவை ஓங்கிச் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடியை ஆட்டுகிற சத்தம். அதன் பிறகு குத்துகிற சத்தம்.

"கதவு சிக்கிக்கிச்சு! தொறங்கடா!"

சங்கத்தின் விதிப்படி, தொடக்கத்துக்கு முன் ஏற்றும் நான்கு நிமிடக் கொடி மேலே போய்விட்டால் பந்தயம் முடியும்வரை திருகைத் தொடக்கூடாது. கொடி ஏற இரண்டு நிமிடம் இருந்தது. எங்களோடு படகில் இருந்த நெவ்ஸாத் ஸ்பானரோடு மண்டியிட்டு, இரண்டு பக்கமும் சிவப்புக் கோட்டுக்குத் திருகுகளை இறக்கினார். மரம் முனகுவதை நிறுத்தியது. கதவும் இனி சுண்டுவிரலுக்குத் திறக்கும். திறந்தால் டாக்டர் வெளியே வருவார். வந்தால் மறுபடி ஆறு சுற்று. நெவ்ஸாத் ஸ்பானரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் மனைவி மெலாஹத், இருபது வருஷமாக அந்தப் படகில் சான்ட்விச் கொடுக்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர், எழுந்து கீழே போனார். படகின் மாற்றுப் பாய்களைச் சுருட்டி வைத்திருந்த பெரிய மூட்டையைத் தூக்கிக் கழிவறைக் கதவுக்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே போட்டு, காலால் உதைத்துத் திணித்தார். அந்தக் குடும்பத்தில் உண்மையாக இறுக்கத் தெரிந்தவர் யாரென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கதவு ரொம்ப மோசமாச் சிக்கியிருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார். மேலே வந்து சுக்கானைப் பிடித்தார். "நீங்க மரத்தப் பாத்துக்கோங்க உஸ்தா." கொடி ஏறியது.

கழிவறைக்கு மேலே காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல். பந்தயம் முழுக்க அதில் டாக்டரின் பல்வரிசை மட்டும் தெரிந்தது.

"இறுக்குங்கடா!"

"இறுக்குறோம் டாக்டரே!" என்று பாயைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் சொன்னேன்.

ஃபிர்தினா ஓடியது. வருஷக்கணக்கில் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கையை யாரோ எடுத்துவிட்டதுபோல ஓடியது. முதலில் போய்க்கொண்டிருந்த நோட்டரியின் படகைக் கடைசித் திருப்பத்தில் பிடித்து, அரைப் படகு நீளத்தில் முந்தினோம். கொம்பு ஊதியது. நெவ்ஸாத் மரத்தைத் தடவிக்கொண்டு வெளிப்படையாக அழுதார்.

மெலாஹத் மூட்டையை நகர்த்தினார். டாக்டர் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார்.

"பாத்தியா உஸ்தா? ஆறு சுத்து! இறுக்குனதாலதான் ஜெயிச்சோம்!"

நெவ்ஸாத் வாயைத் திறந்தார். மெலாஹத் அவர் வாயில் ஒரு சான்ட்விச்சை வைத்தார்.

பரிசளிப்பில் டாக்டர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ரகசியத்தை அவிழ்த்தார்: கழிவறைக் கதவு திறக்க முடியாமல் சிக்க வேண்டும், அதுதான் வெற்றியின் அளவு. ஒன்பது பேரும் கைபேசியில் குறித்துக்கொண்டார்கள். நெவ்ஸாத் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையைக் கடலில் வீசியிருப்பேன்.

திங்கட்கிழமை துறையில் வரிசை. "எங்க கதவும் சிக்கணும் உஸ்தா," என்றார் நோட்டரி. மற்றவர்களும் அதையே கேட்டார்கள். முடியாது என்றால் இத்தாலிக்காரன் வந்து செய்வான்; மரங்கள் ஒவ்வொன்றாக விழும். நெவ்ஸாத் ஸ்பானரை எடுத்துக்கொண்டார். "செஞ்சிரலாம்" என்றார்.

சாயங்காலம் கடையை மூடிவிட்டுத் துறைக்குப் போனேன். நெவ்ஸாத் நோட்டரியின் படகுக்குள் குனிந்து, கழிவறைக் கதவின் கீலுக்கு அடியில் மடித்த அட்டைத்துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். தோளால் இடித்தும் அசையவில்லை.

"மரம்?"

"மரம் என் கோட்டுலதான் நிக்குது."

அடுத்த ஞாயிறு நான்கு நிமிடக் கொடிக்கு முன்னால் டாக்டர், சகுனம் கெடக்கூடாது என்று, தானே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெவ்ஸாத் திருகுகளைக் கோட்டுக்கு இறக்கினார். தலைவர் செய்தால் மற்றவர்கள் விடுவார்களா? பத்துப் படகின் சின்ன ஜன்னல்களிலிருந்தும் "இறுக்குங்கடா!" என்ற சத்தம் கடல் முழுக்கக் கேட்டது. பத்து மரங்களும் நிமிர்ந்து நின்றன.

நெவ்ஸாத் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார்.

"இந்தத் துறையில முப்பது வருஷமா இருக்கேன்," என்றார். "இன்னிக்குத்தான் எல்லாப் படகும் ஒழுங்கா ஓடுது."