சத்தம் அடங்கிய வண்டி

யுத்த காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. பழைய அமெரிக்க வண்டி. ஓட்டியவர் என் கணவர். பழுது பார்த்தது அவருடைய தம்பி. அந்த வண்டியால் எனக்குக் கிடைத்தது தலைவலி ஒன்றுதான்.

பெட்ரோலை ரேஷனில் அளந்து கொடுத்தார்கள். அதனால் வண்டியின் முதுகில் ஒரு பெரிய டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, கையால் சுற்றும் விசிறியால் ஊதி, அதில் வரும் கரிகேஸில் எஞ்சினை ஓட்டினார்கள். ஒரு பானைச் சோறு வேகும் நேரம் ஊதினால்தான் வண்டி கிளம்பும். கிளம்பினாலும் பெட்ரோலில் இருந்த பலத்தில் பாதிகூட இருக்காது. நாங்கள் அடையாற்றுக்குத் தென்கரையில் குடியிருந்தோம். ஊருக்குள் போக வேண்டுமானால் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் ஏற்றம் வந்ததும் என் கணவர் சவாரிக்காரர்களை இறங்கி நடக்கச் சொல்வார். காசு கொடுத்து நடக்கிறோமே என்று அவர்கள் முணுமுணுப்பது நியாயம்தான்.

அந்த ஏற்றம் எனக்கும் பெரிய கவலையாகிவிட்டது. நான் நிறைமாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றேன். இரண்டும் அழவில்லை. மருத்துவச்சி முதுகைத் தட்டிப் பார்த்தாள், வெந்நீரில் முக்கினாள். சத்தமே வரவில்லை. இந்த முறை வலி கண்டவுடன் ஊருக்குள் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், நேரம் கடத்தினால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் பாலத்தில் இறங்கி நடக்கலாம். நான் நடக்க முடியுமா?

வண்டிக்குப் பலம் ஏற்ற வேண்டும் என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எப்படி ஏற்றுவது என்பதில்தான் காலையிலிருந்து இரவு வரை சண்டை. எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றி அடிப்பக்கத்தைச் சீவிவிட்டால், உள்ளே கேஸ் நன்றாக நெருக்கப்படும், வெடிப்பு பலமாக இருக்கும் என்பது தம்பியின் கட்சி. வால்வுகளில் கரிப்பிசின் ஏறியிருக்கிறது, அவற்றை மூடித் திறக்கும் ராக்கர்கள் தேய்ந்திருக்கின்றன, முதலில் அதைப் பார் என்பது அண்ணனின் கட்சி. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் டக்டக்கென்று அடிக்கிற டேப்பட் சத்தமே அதற்குச் சாட்சி என்பார். தம்பி நீளமான திருப்புளியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். பிறகு புகைக்குழாயின் வாயில் ஒரு காகிதத்தைப் பிடிப்பார். காகிதம் வெளிப்பக்கமாகவே படபடத்தால் வால்வுகள் சரியாக மூடுகின்றன. இடையிடையே உள்ளே இழுத்துக்கொண்டால் ஏதோ ஒன்று மூடவில்லை. அன்றைக்குக் காகிதம் ஒழுங்காகத்தான் படபடத்தது. "பார்த்தியாண்ணா, வால்வு ஜோராக் கீது" என்று ஜெயித்துவிட்டார்.

நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பேன். ஒழுங்கில்லாத தாளம் கேட்டால் எனக்குப் பல் கூசும். அந்த வண்டி வாசலில் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தால் என் வயிற்றிலிருந்த பிள்ளையும் உதைக்கும். நான் வாய்விட்டுத் திட்டுவேன். தம்பி சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கடைசியில் தியாகராய நகரில் ஒரு பட்டறையில் எஞ்சின் தலையைச் சீவினார்கள். கழற்றியதுதான் கழற்றினோம் என்று வால்வுகளையும் தேய்த்து உட்கார வைத்தார்கள். தேய்ந்த ராக்கர்களுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. யுத்தத்தில் கப்பல் வந்தால்தானே சாமான் வரும்.

வண்டி திரும்பி வந்த சாயங்காலம் நான் அசந்துபோனேன். வாசலில் வந்து நின்றதே தெரியவில்லை. சத்தம் அடியோடு அடங்கிவிட்டது. தம்பி முகமெல்லாம் கரியும் சிரிப்புமாக நின்றார்.

"டேப்பட் இடைவெளியை எல்லாம் நெருக்கி வச்சுட்டேன் அண்ணி. இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

எனக்காக யாரும் அப்படி ஒன்று செய்ததில்லை. மனசு நிறைந்துபோனது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் அதிகம் வைத்தேன். மறுநாள் வண்டி சவாரிக்காரர்களோடு பாலத்தில் ஏறியது. அண்ணன் தம்பியைத் தோளில் தட்டிக்கொடுத்தார். அவர் அப்படிச் செய்கிறவரே அல்ல.

ஆனால் ஒரு வாரம் போவதற்குள் வண்டி நூதனமாக நடந்துகொண்டது. காலையில் குதிரை மாதிரி ஓடும். வெயில் ஏறி எஞ்சின் சூடேறியதும் சோர்ந்துபோகும். அண்ணன் கரி ஈரம் என்றார். தம்பி வடிகட்டியில் சாம்பல் அடைப்பு என்றார். வடிகட்டியைக் கழுவினார்கள், கரியை வெயிலில் உலர்த்தினார்கள். சத்தம் இல்லாத வண்டியின் வால்வைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு வலி கண்டது நடுப்பகலில். வண்டி அப்போதுதான் சவாரி முடிந்து கொதிக்கக் கொதிக்க வந்து நின்றிருந்தது. என் துணைக்குப் பக்கத்து வீட்டு மீன்கார அம்மா ஏறிக்கொண்டாள். ஐந்து பெற்றவள், எதற்கும் பதறாதவள். நான் ஜெபப்புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்தேன்.

பாலத்தின் ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை. வண்டி இழுக்க மறுத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மூச்சு இல்லை. பின்னால் ஒரு மாட்டுவண்டிக்காரன் கத்தினான். அண்ணனும் தம்பியும் இறங்கினார்கள். வடிகட்டியைக் கழற்றணும் என்றார் ஒருவர். இருக்கிற கொஞ்சம் பெட்ரோலைத் திறந்துவிடு என்றார் மற்றவர். அந்தப் பெட்ரோல் வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்யத்தான் போதும், அதையும் தீர்த்துவிட்டால் நடுப்பாலத்தில் என்ன செய்வது என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். எனக்கு வலி வந்து வந்து போனது. முந்தைய இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்முன்னால் நின்றது.

"இன்னாத்துக்கு எழுந்துக்கிறே டீச்சரம்மா? சும்மா பட்த்துக்கினு இரு" என்று மீன்கார அம்மா என் தோளை அழுத்தினாள்.

எஞ்சின் என் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டக் கூட இல்லை. அப்போதுதான் எனக்கு வகுப்பில் நான் செய்து காட்டும் பாடம் ஞாபகம் வந்தது. இரும்புக் குண்டு ஆறியிருக்கும்போது வளையத்துக்குள் நுழையும். அதையே விளக்கில் காய்ச்சினால் நுழையாது, வளையத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வருஷமும் பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். சூட்டில் இரும்பு வளரும். வளர்வதற்கு இடம் வேண்டும். இந்த வண்டியில் அந்த இடத்தைத்தான் எனக்காக நெருக்கிவிட்டார்கள்.

"தம்பி, காகிதத்தைப் பிடிங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மீன்கார அம்மா மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தை நீட்டினாள். அவர் ஓடிப்போய்ப் புகைக்குழாயில் பிடித்தார். பின்கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் ஈ போனாலும் தெரியாது, அப்படி நின்றார். காகிதத்தை வண்டி உள்ளே இழுத்து இழுத்து விழுங்கப் பார்த்தது.

"வால்வு மூடலைண்ணா. சூட்டுல நீண்டுக்குனு தொறந்தே நிக்குது" என்றார். பிறகு என் பக்கம் வந்தார். "நான்தான் அண்ணி, உங்களுக்காக..." என்று குரல் உடைந்தது.

"அழுவுறதுக்கு இப்ப நேரமில்ல. தளர்த்துங்க" என்றேன். அவ்வளவு கோபமாக நான் யாரிடமும் பேசியதில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்று சொல்லவும் எனக்கு மூச்சு இல்லை.

எஞ்சினை நிறுத்தினார்கள். மீன்கார அம்மா இறங்கிப்போய், தீ அணையாமல் விசிறியைச் சுற்றினாள். தம்பி சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பானரால் மேல்மூடியைக் கழற்றினார். சூடான எண்ணெய் கையில் தெறித்தது. இடைவெளியை அளக்கும் தகடு பட்டறைப் பெட்டியில் இருந்தது, பெட்டி வீட்டில் இருந்தது. நான் ஜெபப்புத்தகத்தைத் திறந்து, உள்ளே வைத்திருந்த மாதா படத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டைப்படம். அவர் ஒரு கணம் தயங்கினார்.

"மாதா ஒண்ணும் சொல்லமாட்டா."

என் கணவர் முன்னால் நின்று ஹேண்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். தம்பி ஒவ்வொரு ராக்கருக்கும் அடியில் படத்தைச் செருகி, அது இழுபடும் அளவுக்குத் திருகைத் தளர்த்திப் பூட்டினார். அவ்வளவு நாள் சண்டை போட்டவர்கள் அப்போது இரண்டே சொல்லில் வேலை பார்த்தார்கள். "திருப்பு." "நிறுத்து." ஒவ்வொரு தடவையும் தம்பியின் விரலைச் சுட்டது. அவர் கையை எடுக்கவில்லை. என்னால் வலியைப் பொறுக்கவே முடியாத நேரத்தில் மூடியைப் போட்டார்கள்.

இருந்த பெட்ரோலைத் திறந்தார்கள். ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டக்டக்டக்கென்று பாலமே கேட்கும்படி அடித்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கரிகேஸுக்கு மாற்றினார்கள். ஒரு வால்வு ஏற்கெனவே கருகியிருந்ததால் வண்டி நொண்டியது, ஆனாலும் ஏறியது. ஏற்றம் முடிந்து சாந்தோம் கோபுரம் தெரிந்தபோது மீன்கார அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பிள்ளை வெளியே வந்த பிறகு ஒரு கணம் யாரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. மூன்றாவது முறையும் அதைக் கேட்க என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் அழுதாள்.

சாயங்காலம் மீன்கார அம்மா வந்து வெளியே நடந்ததைச் சொன்னாள். தம்பி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நின்றாராம். அவள் சேதி சொல்லப் போனபோது ஆணா பெண்ணா என்று கேட்கவில்லையாம். "அழுதுச்சா?" என்று மட்டும் கேட்டாராம்.

இரவு முழுவதும் என் மகள் அழுகையை நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் புரண்டு படுத்தார்கள். நர்ஸ் வந்து, பால் கொடுத்தால் அடங்கிவிடும், கொடுங்கள் என்றாள். எண்ணெய்க் கறை படிந்த மாதா படம் தலையணைக்கு அடியில் இருந்தது.

"கொடுக்கிறேன்மா. இன்னும் கொஞ்சம் அழட்டும்" என்றேன்.