இடப்பக்கம் சாய்கிறவள்

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஜெனிஷாவைத் தெரியாதவர்கள் குறைவு. சக்கர ஷூ மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பறந்த பெண். பதினெட்டு வயதில், ஐஸ் மேல் ஓடும் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டேராடூனுக்கு ரயிலேறினாள். அதுவரை அவள் ஐஸைப் பார்த்தது ஃபிரீஸரிலும் ஜூஸ் கடையிலும்தான்.

முதல் வளைவிலேயே வழுக்கி, சுவரோரம் சாத்தியிருந்த மெத்தையில் போய் மோதினாள். எழுந்ததும் கையுறையைக் கழற்றி ஐஸைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வழுக்கலில் மற்றவர்கள் எப்படி அப்படிச் சாய்ந்து திரும்புகிறார்கள்?

மதியம் ஷூவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளேடு நடுவில் இல்லை. இரண்டு ஷூவிலும் இடப்பக்கம் தள்ளியிருந்தது. நேராகவும் இல்லை, இடதுபுறம் லேசாக வளைந்திருந்தது. போட்டி முழுக்க எல்லோரும் இடப்பக்கமே திரும்புவதால் வேண்டுமென்றே கோணலாகச் செய்திருக்கிறார்கள்! அந்த ஒரு விஷயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் பழகினாள். இடுப்பைச் சுற்றி ஒரு அகலமான பட்டை. அதன் இரு முனைகளையும் வலப்பக்கம் நின்று அம்மா ஞானசௌந்தரி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஜெனிஷா இடப்பக்கம் சாய்ந்து, வலது காலை இடது காலுக்கு மேல் தாண்டித் தாண்டி வைப்பாள். பாடிப் பகுதியில் கம்பெனி வேலை முடிந்து வந்த களைப்போடு அவளும் பிடிப்பாள்.

"இன்னாடி இது, மாட்டைப் புடிச்சிகினு நிக்கிற மாதிரி?"

"உட்றாதம்மா, உழுந்துடுவேன். நூறு வரைக்கும் எண்ணு."

ஒருநாள் எண்பத்திரண்டில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அம்மா ஒரு கையை விட்டாள். ஜெனிஷாவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. அதற்கப்புறம் ஞானசௌந்தரி போனைக் கீழேயே வைத்துவிட்டுத்தான் மாடியேறினாள்.

முதல் தேசியப் போட்டியில் முதல் சுற்றிலேயே கடைசி. அடுத்த வருஷம், உள்பக்கமாக முந்தும்போது இன்னொருத்தியை இடித்ததால் தகுதி நீக்கம். மூன்றாம் வருஷம் ஐந்நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் முன்னால் போன சௌம்யா விழுந்தாள், அடுத்தவளையும் வாரிக்கொண்டு போனாள். ஜெனிஷாவுக்கு வெள்ளி.

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். அவளுக்கோ மனசு பதக்கத்தில் நிற்கவில்லை. நேராக சௌம்யாவிடம் போனாள். பெங்களூர்ப் பெண், தமிழ் பேசுவாள்.

"எப்படி விழுந்தே?"

சௌம்யா முறைத்தாள். கிண்டல் இல்லை என்று புரிந்ததும் சொன்னாள்: "ரொம்பச் சாஞ்சுட்டேன். ஷூவோட ஓரம் ஐஸ்ல உரசிடுச்சு. பிளேடு பிடி விட்டுப்போச்சு."

அப்படியென்றால் பிளேடை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் ஷூ உரசாதல்லவா? அன்றைக்கே திருகாணியைத் தளர்த்தி மயிரிழை நகர்த்தினாள். மறுநாள் பயிற்சியில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது முறை உடம்பு என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. இடது கை விரல்நுனி ஐஸைத் தடவிக்கொண்டே வளைவைச் சுற்றி வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் போட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மூணாவதும்மா."

"போன வருசம் ரெண்டாவதாச்சேடி?"

"போன வருசம் ரெண்டு பேர் உழுந்தாங்க. இந்த வாட்டி ஒருத்தரும் உழல."

ஞானசௌந்தரி கொஞ்சம் யோசித்தாள். "அப்போ இதான்டி பெருசு."

இப்போது ஜெனிஷாவுக்கு இருபத்தேழு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலை. போட்டிக் காலத்தில் லீவு போட்டுவிட்டு வடக்கே போகிறாள். போன முறை ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் இறங்கினாள். பதிமூன்றரைச் சுற்று. முதல் சில சுற்றுகள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகவே போனார்கள். பொறுக்காமல் ஐந்தாவது சுற்றிலேயே பாய்ந்து, மூச்சு வாங்கி, ஆறாவதாக வந்தாள்.

எப்போது பாய வேண்டும் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது? மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய போட்டி வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். இந்த முறை ஒன்பதாவது சுற்று வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாக இருக்கிறாள்.