ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் ஒரு சிவப்பு முட்டை

சீனா பாயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்ததற்கு நட்பு காரணமில்லை, நிழல்தான் காரணம். துபாயின் ஜெபல் அலியில் எங்கள் கிடங்கின் பின்பக்கம் பழைய கன்டெய்னர் ஒன்று கிடக்கிறது. குளிர் மாதங்களில் அதன் ஓரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் போதுமான நிழல் விழும். மெஸ் ஹாலில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ஐம்பது வீட்டோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்தவன் மனைவி அவனிடம் "சாப்டீங்களா?" என்று கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டே சாப்பிட்டால் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது. என் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதில் தவறு சொல்லவும் முடியாது, எத்தனை வருடம்தான் ஒரே கேள்வியைக் கேட்பது?

சீனா பாய் வெளியே வந்ததற்குக் காரணம் வேறு. அவரோடு பேச உள்ளே ஆளே கிடையாது. புதிதாக வாங்கிய பேக்கிங் மெஷின் அவர் நாடான சீனாவிலிருந்து வந்தது. அதோடு சேர்த்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் அவரையும் அனுப்பிவைத்தார்கள், கூடவே வரும் உதிரி பாகம் மாதிரி. முப்பது வயதுக்குச் சற்று மேலிருக்கும். எங்கள் கிடங்கில் தமிழனும் பீகாரியும் மலையாளியும் உண்டு, அரைகுறை இந்தியில் காலம் தள்ளுவோம். அவருக்கு அதுவும் இல்லை. இங்கே யாரைக் கூப்பிட்டாலும் இந்தியில் அண்ணன் என்று பொருள்படும் 'பாய்'தான் என்பதால் அவரும் சீனா பாய் ஆனார். அதற்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் யாரும் அவருக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர் சூரியகாந்தி விதை தருவார், நான் முறுக்கு தருவேன். அவசியம் வந்தால் போனை எடுத்து அவர் மொழியில் பேசுவார், போன் அதைத் தமிழில் சொல்லும். அந்தத் தமிழ் சர்க்கார் அறிவிப்பு மாதிரி இருக்கும். "இன்று காற்றின் வேகம் மிகுதியாக உள்ளது" என்று சொல்லிவிட்டு இருவரும் பேசாமல் சாப்பிடுவோம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நெருக்கமான சகவாசம் அதுதான் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஒரு விடுமுறை நாளில் அவர் என்னிடம் போனை நீட்டினார். "உண்ணத்தகுந்த சிவப்பு நிறம் எங்கே கிடைக்கும்?" என்றது போன். நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் பக்கத்து மலையாளி கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் கேசரிக்குப் போடும் ஆரஞ்சுப் பவுடரை எடுத்துப் போட்டார். சீனா பாய் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அங்கே தொங்கிய குங்குமப் பாக்கெட்டைக் காட்டினார். அந்த நிறம் வேண்டுமாம். தேடிப்பிடித்து ரத்தச் சிவப்பில் மூன்று டப்பா வாங்கினோம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்தவன் அடுப்பில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் நான் ஸ்டோர் ரூமைத் திறந்துகொண்டிருந்தபோது வெளியே ஒரு அலறல் கேட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சிவகங்கைத் தம்பி. ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டியிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தான். வண்டி சீட்டின் நட்டநடுவில் செக்கச் சிவந்த முட்டை ஒன்று இருந்தது.

"வச்சுட்டாய்ங்கண்ணே," என்றான். "எவனோ எனக்கு வச்சுட்டாய்ங்க."

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முச்சந்தியில் குங்குமம் தடவிய முட்டை கிடந்தால் படித்தவன்கூட வண்டியை ஒடித்து வளைத்துத்தான் போவான். முட்டையைப் பார்த்ததும் நானும் ஓரடி பின்னால் போனேன், பொய் சொல்வானேன். அந்தத் தம்பிக்கு அது இன்னும் பெரிய அடி. அவன் மனைவிக்கு நிறைமாதம். அடுத்த வாரம் என்று டாக்டர் நாள் சொல்லியிருந்தார். அவன் கேட்ட லீவு கிடைக்கவில்லை. ஏற்கெனவே கலங்கிப்போய்க் கிடந்தவன்.

அதற்குள் உள்ளேயிருந்து மற்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். லாக்கர் மேலே ஒன்று, ஸ்கேனர் மேசையில் ஒன்று, சூப்பர்வைசர் நாற்காலியில்கூட ஒன்று. ஆளுக்கொரு முட்டை, கணக்காக வைத்திருந்தது. ஒருத்தனுக்கு வைத்தால் பகை, கம்பெனிக்கே வைத்தால் அது என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. பீகார்க்காரர்களும் தொடமாட்டோம் என்று ஒதுங்கி நின்றார்கள். இந்த விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே சாதி.

"அந்தா பாருங்க, அவன் கையப் பாருங்க!" என்றான் ஒருவன்.

சீனா பாய் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். பத்து விரலும் சிவப்பு. எங்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வைத்தவன் நின்று வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறான் என்றால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? தம்பி ஒரு அட்டைத் துண்டை எடுத்து, கை படாமல் முட்டையை அள்ளி, காம்பவுண்டு மூலைக்குக் கொண்டுபோய் வீசினான். அது சுவரில் பட்டு உடைந்தது. மற்றவர்களும் தங்கள் பங்குக்கு எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். மெஸ்ஸிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்றி நசுக்கிய பிறகுதான் தம்பி சீட்டில் உட்கார்ந்தான். "க்யா ஹுவா பாய்? ஜல்தி கரோ!" என்று வேலையைச் சீக்கிரம் தொடங்கச் சொல்லிச் சூப்பர்வைசர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார். அவர் முட்டையும் தொட்டிக்குள்தான் போயிருந்தது.

சீனா பாயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் பார்த்தேன். அவர் காம்பவுண்டு மூலைக்குப் போய்க் குனிந்து, உடைந்த முட்டையை ஓடோடு பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு மதியம் வரை வெளியே எடுக்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சுக்குப் போனேன். அவர் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு துணிப்பை, அதற்குள் இன்னும் நிறையச் சிவப்பு முட்டைகள். போனை எடுத்து, "என்ன பாய் இது?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசினார். போன் தன் அறிவிப்புக் குரலில் சொன்னது:

"இன்று என் மகளுக்கு ஒரு மாதம் நிறைவடைந்துள்ளது."

அவருக்குக் குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது. தினமும் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஒரு மாதமாக அதைச் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை என்று இருந்திருப்பார், பக்கத்தில் நான் இருந்தும்.

அவர்கள் ஊரில் தாயும் பிள்ளையும் ஒரு மாதம் வெளியே வரமாட்டார்களாம். மாதம் நிறைந்த நாளில் பிள்ளைக்குத் தலை மழித்து, ஊருக்கெல்லாம் சிவப்பு முட்டை கொடுப்பார்களாம். முட்டை என்றால் புது உயிர். சிவப்பு என்றால் சந்தோஷம், கெட்டது எதுவும் அந்த நிறத்தின் பக்கம் வராது. முட்டை உருண்டையாக இருப்பதற்கும் அர்த்தம் உண்டாம். குடும்பம் பிரியாமல் ஒன்றாக, வட்டமாக இருக்க வேண்டும். வாங்கிச் சாப்பிடுகிற ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளையை வாழ்த்துகிறார்கள் என்று கணக்கு.

"அங்கே என் தம்பி கொடுத்துக்கொண்டிருக்கிறான்," என்றது போன். "ஆனால் தகப்பன் நான். என் கையாலும் கொடுக்க நினைத்தேன். ஒருவராவது சாப்பிட்டால் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என் மகள் பிறந்தபோது நான் சவூதியில், தம்மாமில் இருந்தேன். ஒரு கிலோ ஜிலேபி வாங்கிக் கேம்ப்பில் ரூம் ரூமாகப் போனேன். எல்லாரும் கை நீட்டி எடுத்துக்கொண்டார்கள், பையனா பெண்ணா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளை நான் முதன்முதலில் தூக்கியபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. யாரோ ஒரு ஆள் தூக்குகிறான் என்று தோளில் கடித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு வலித்தது தோளில் இல்லை. என் ஜிலேபியையாவது தின்றார்கள், இந்த மனிதரின் முட்டையைச் சுவரில் அடித்துவிட்டார்கள்.

பையிலிருந்து ஒன்றை எடுத்து உரித்தேன். விரலெல்லாம் சிவப்பு ஒட்டியது. ஓடு கீறியிருந்த இடத்தில் வெள்ளைக்கருவிலும் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. வாயருகே கொண்டுபோனதும் முச்சந்தி முட்டைதான் நினைவுக்கு வந்தது, அந்தப் பயம் அவ்வளவு சுலபமாகப் போகிற சாமான் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். உப்பில்லாத, ஆறிப்போன அவித்த முட்டை. அவர் நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கி முடித்ததும் பெரிதாக மூச்சு விட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு அவரையும் கையைப் பிடித்து மெஸ்ஸுக்கு இழுத்துப் போனேன். வாசலில் நின்று கத்தினேன்.

"யப்பா, எல்லாரும் போனை வைங்க. இது செய்வினையும் இல்ல, மண்ணும் இல்ல. இந்த ஆளுக்கு ஊர்ல பொம்பளப் புள்ள பொறந்து இன்னைக்கு ஒரு மாசம். நம்ம முட்டாய் குடுக்குற மாதிரி அவங்க முட்டை குடுக்குறாங்க. நேத்து டியூட்டி முடிஞ்சு போயி ஒண்டியா ஒக்காந்து அத்தனையும் அவிச்சிருக்காரு. தின்னா தின்னுங்க, தூக்கி எறியாதீங்க. நான் தின்னுட்டேன், உயிரோடதான் நிக்கிறேன்."

அதையே எனக்குத் தெரிந்த இந்தியிலும் ஒரு தடவை சொன்னேன். பீகார்க்காரர் ஒருவர்தான் முதலில் எழுந்தார். "அரே, பேட்டி ஹுயி ஹே! முபாரக் ஹோ பாய்!" என்று மகள் பிறந்ததற்கு வாழ்த்து சொல்லி, சீனா பாயைக் கட்டிக்கொண்டு முட்டையை வாங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு ஒரு கூட்டமே வந்தது. உப்பும் மிளகுத்தூளும் வந்தன. காலையில் தொட்டியில் போட்டவன் வெட்கப்பட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். சீனா பாய் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் எடுத்து, தலை குனிந்து கொடுத்தார். அன்று சிவப்பு விரல் இல்லாதவன் என்று அந்த ஹாலில் சிவகங்கைத் தம்பி மட்டும்தான் இருந்தான்.

அவன் மூலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். சீனா பாய் அவனிடமும் போய் முட்டையை நீட்டினார். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அவருக்கு நல்லதுதான், நான் இல்லைங்கல. எம் பொண்டாட்டி வயித்துல புள்ளய வச்சிருக்கா. என்னால முடியாதுண்ணே."

நான் அதைப் போனில் சொல்ல, சீனா பாயின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் இவர் கட்டாயம் சாப்பிட வேண்டும், பிரசவம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி இன்னொரு முட்டையையும் சேர்த்து நீட்டினார். தம்பி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். ஒருவர் எதை வரம் என்று நீட்டுகிறாரோ அதை மற்றவன் சாபம் என்று பார்க்கிறான். நடுவில் நான் போனும் கையுமாக நிற்கிறேன்.

அந்த நேரத்தில் சீனா பாயின் போன் அடித்தது. அவர் வீட்டிலிருந்து வீடியோ கால். அப்போதுதான் மழித்த சின்னத் தலையோடு ஒரு பூங்குழந்தை. சுற்றிலும் ஆட்கள், ஒரே சத்தம். குழந்தையை மடியில் வைத்திருந்த ஆள், உரித்த முட்டை ஒன்றைச் சடங்குபோல அதன் தலையில் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்தோம். குழந்தை என்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்? தம்பியும் எழுந்து வந்துவிட்டான்.

"கன்னத்துல மை வைக்கலையே. கண்ணு பட்டுரும்ணே, வைக்கச் சொல்லுங்க," என்றான். கொஞ்சம் கழித்து, "தூக்கி வச்சிருக்கறது யாரு?" என்று கேட்டான்.

"இவரோட தம்பி."

சீனா பாய் திரையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். போனிலிருந்து வந்த அந்தக் குரலுக்குக் குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டு அழுதது. சித்தப்பன் மார்போடு அணைத்துக்கொண்டதும் அடங்கிவிட்டது. அவர் சிரித்தபடியே மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு இணைப்பு அறுந்துபோனது.

"இவரு எப்பண்ணே ஊருக்குப் போறாரு?" என்றான் தம்பி.

போனில் கேட்டுச் சொன்னேன். "ஒப்பந்தம் முடிஞ்சுதான். அடுத்த வருசக் கடைசி."

"அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சிருமே."

அவனுடைய லீவும் அடுத்த வருடம்தான். அவன் சீனா பாய் கையில் இன்னும் இருந்த இரண்டு சிவப்பு முட்டைகளைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

"நமக்கெல்லாம் எவன்ணே புதுசா வைக்கப்போறான்?" என்றான். "புள்ள மொகம் பாக்காம இங்க கெடக்கோமே, அதான் வச்சாச்சே."

ஓட்டை உரித்து, ஒரு முட்டையை முழுசாக வாய்க்குள் போட்டுக்கொண்டான். மெல்ல முடியாமல் கன்னம் உப்பி, கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, சீனா பாய் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.