மெகருன்னிசாவின் பஞ்சு முயல்

"இருங்கமா, செத்துட்டு வந்துடுறேன்" என்கிறார் மெகருன்னிசா. வாடிக்கையாளரின் புடவை அவர் தோளில் கிடக்கிறது. கைபேசித் திரையில் இரண்டு கட்டைவிரல்களும் பாய்கின்றன. கள்ளக்குறிச்சி கடைவீதியில் உள்ள அவருடைய மேட்சிங் சென்டருக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. செத்து முடித்ததும் நிமிர்கிறார், புடவையைத் தெருவெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறார், அலமாரியிலிருந்து ரவிக்கைத் துணியை உருவிப் போடுகிறார். அநேகமாக அதுவே பொருந்திவிடுகிறது.

அவர் ஆடுவது 'பஞ்சு முயல்'. துப்பாக்கிச் சண்டைதான், ஆனால் ரத்தமில்லை. ஆடுகிறவரேதான் முயல், தன் குண்டுப் பாதங்களும் அவை பிடித்திருக்கும் சாயத் துப்பாக்கியும்தான் கண்முன் தெரியும். சாயம் பட்ட முயல் பூரிபோல உப்பி, வெடித்து, பஞ்சாகப் பறக்கும். சற்று நேரத்தில் வேறொரு புதரிலிருந்து காதை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும். கைபேசியில் இதை ஏற்றிக் கொடுத்தவள் மகள் பாயிஸா. சேலத்துக்குப் படிக்கப் போனவள் விளையாட்டை மறந்துவிட்டாள், அம்மா மறக்கவில்லை. கணவர் ரபீக் இதைப் பற்றி ஒன்றுதான் கேட்பார்: சுடுகிற முயலுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்?

மூன்று பேர் சேர்ந்தால் ஒரு அணி. மெகருன்னிசாவுடன் இருப்பவர்கள் திருக்கோவிலூரில் கணினி வகுப்பு எடுக்கும் தேவதர்ஷினியும், வெள்ளிமலையில் மகளிர் குழுவின் சாமை மில்லில் வேலை பார்க்கும் எழில்மதியும். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

இந்த ஆண்டு இரண்டாம் பாகம் வந்தது. முயலுக்கு வேகம் கூடிவிட்டது. சுவரில் ஓடுகிறது, காதை விசிறியாகச் சுழற்றிப் பறக்கிறது. நன்றாக இருக்கிறதா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மெகருன்னிசா கேட்க ஆரம்பித்தார். துணிக்கட்டு இறக்கும் வெங்கடேசன், ஓடுகிற ஓட்டத்தில் முயலைப் பார்க்கவே முடியவில்லை, பழசே போதும் என்றார். ஒரு கல்லூரிப் பெண், முயல்களின் தொப்பிக்காகவே ஆடுவதாகச் சொன்னாள். தேவதர்ஷினிக்கு இனி பழையதைத் தொடவே மனமில்லை. மெகருன்னிசாவுக்கும் புதியதுதான் பிடித்தது. "பயந்துக்கினே சிரிக்க வெக்குது" என்றார் என்னிடம்.

எழில்மதியிடமிருந்து மட்டும் குரல் வரவில்லை, எழுத்து வந்தது. மலையில் டவர் விட்டு விட்டு வருகிறது, பழைய பாகம் அதைத் தாங்கியது, புதியது தாங்கவில்லை, முயல் அப்படியே நின்று சாகிறது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு அணியிலிருந்தும் விலகிவிட்டாள். தேவதர்ஷினி வேறு ஆள் பார்த்துவிடலாம் என்றாள். மெகருன்னிசா ஒப்பவில்லை. "டவரா, இல்ல நம்ம மேல இன்னா வருத்தமோ, தெரியணும்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, வாந்தி எடுத்து, இறங்கி, விசாரித்துக்கொண்டு மில்லுக்குப் போனார். மெல்லிய குரலை வைத்துச் சின்னப் பெண் என்று நினைத்திருந்தாராம். முன்னால் வந்து நின்றவள் அவரைவிட ஒரு தலை உயரம். புருவமெல்லாம் சாமைத் தவிடு. மெகருன்னிசா தன் பெயரைச் சொன்னார். "குரலு அதேதான்க்கா" என்றாள் எழில்மதி.

அவளுடைய கைபேசியை வாங்கி, மில் வாசலில் உட்கார்ந்து மெகருன்னிசா பொழுது சாயும்வரை ஆடினார். "ஓடிக்கினே இருக்குது, திடீர்னு கல்லு மாதிரி நிக்குது. மறுபடி அசையறப்போ பஞ்சா பறந்துக்கினு இருக்கேன். எனக்கே அழுவ வந்துடுச்சு" என்றார். வருத்தம் ஒன்றுமில்லை, தன்னால் மற்ற இருவரும் தோற்கக் கூடாது என்றுதான் விலகினேன் என்று எழில்மதி சொன்னாள்.

ஆட்டக்காரர்கள் கருத்தெழுதும் பக்கத்தில் மெகருன்னிசா தமிழிலேயே எழுதினார்: "முயல் அழகு. ஓட்டம் ஜோர். மலையில் டவர் கம்மி, அங்கே நின்றுபோகிறது. அங்கேயும் ஆள் இருக்கிறார்கள்." விளையாட்டைச் செய்தவர்களிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் எழில்மதி அணிக்குத் திரும்பி வந்தாள், மெகருன்னிசா அழைத்ததற்காக. தேவதர்ஷினியும் சரி என்றாள், அரைமனதாக.

நான் கடையில் உட்கார்ந்திருந்த அன்று மூவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் சமநிலையில் இருந்தது. இன்னும் ஒரு முயலை யார் முதலில் சுடுகிறார்களோ அந்த அணிக்கு வெற்றி. மெகருன்னிசாவின் முயல் சுவரில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போகச் சொல்லி தேவதர்ஷினி அவசரப்படுத்தினாள். அப்போது எழில்மதியின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. வைக்கோற்போர் அருகே அவளுடைய முயல் ஒரு பாதத்தைத் தூக்கியபடி நின்றுவிட்டது. எதிரணி அதை நோக்கித் திரும்பியது.

மெகருன்னிசா சுவரிலிருந்து குதித்தார், வந்த வழியே ஓடினார், அந்த முயலை மறைத்துக்கொண்டு நின்றார். ஓட்டத்துக்கான இடது கட்டைவிரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, வலது விரலால் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தார்.