கரகத்து ஆற்றில் மில் தண்ணீர்

மழை பிடித்தால் ஊர் உலகத்தில் குடை தேடுவார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஜன்னலைச் சாத்துவோம். தோட்டத்துச் செம்பனை மில்லில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சுகிற கழிவுத் தண்ணீரை, மேட்டில் வெட்டிய குளங்களில் தேக்கி வைத்திருந்தார்கள். அது அங்கேயே கிடந்து, புளித்து, அழுக்கு அடங்கி, அதன்பிறகுதான் ஆற்றுக்குப் போக வேண்டும். அவ்வளவு நாள் யார் காத்துக்கொண்டிருப்பது? மழை கொட்டும்போது வால்வைத் திறந்துவிட்டால், கலங்கி ஓடுகிற ஆற்றோடு அதுவும் ஓடிப்போய்விடும். ஆறு கடலில் சேருகிற கோலசிலாங்கூர் வரைக்கும் கேட்க ஆள் கிடையாது. இந்த யோசனை யாருடைய மண்டையில் உதித்ததோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அந்த வால்வைத் திறக்கிறவர் என் வீட்டுக்காரர்.

வேலை முடிந்து அவர் லயத்துக்குள் நுழைந்தாலே தெரிந்துவிடும். புளித்த மாவும் சிக்குப்பிடித்த எண்ணெயும் கலந்தது போல ஒரு நெடி. சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. “சட்டைய வெளியிலேயே கழட்டிப் போட்டுட்டு வாங்க” என்று தினமும் கத்துவேன். எங்கள் மகளுக்கு மட்டும் அந்த நெடி ஒரு பொருட்டே இல்லை. வாசலில் அவர் தலை தெரிந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முன்பே, அவளுக்கு அம்மை போட்டது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. பிழைத்தாலும் பார்வை வருமோ வராதோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். “தாயே, என் பிள்ளையோட கண்ணத் தெறந்து குடுத்துடு. உன் கரகம் எடுக்கிற ஆத்துல அவளை முழுக்காட்டி, பால்குடம் தூக்க வைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். கண் திறந்தது. மறுவருடத் திருவிழாவுக்கு நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், பூசாரி ஆற்றங்கரையில் வைத்துத்தான் கரகம் ஜோடிப்பார். வேண்டுதல்காரர்கள் ஆற்றில் முழுகி, ஈர மஞ்சள் துணியோடு உறுமி மேளத்தின் பின்னால் கோயிலுக்கு நடப்பார்கள். அந்த வருடம் திருவிழா வாரம் முழுக்க மழை. கோயில் தலைவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் வெளிக்காட்டு ஆட்களை மேய்க்கிற மண்டோர். பேச்சு எப்போதும் தன்மையாக இருக்கும்.

“தம்பி, ஞாயித்துக்கெழம காலையில மட்டும் மில்லுத் தண்ணி வராம பாத்துக்க. ஆத்தா காரியம்.”

“வராதுண்ணே. நான் இருக்கேன் லா.”

எனக்கு எரிச்சலாக வந்தது. வால்வுதான் இவர் கையில் இருக்கிறது, உத்தரவு இல்லை. வாக்குக் கொடுக்க இவர் யார்?

சனிக்கிழமை சாயங்காலம் வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். குளம் விளிம்புவரை வந்துவிட்டதாம். கரை ஊறிப்போய் ஒரு பக்கம் சரியத் தொடங்கிவிட்டதாம். உடைந்தால் மொத்தமும் ஆற்றோரத்து லயங்களுக்குள் புகுந்துவிடும். மறுநாள் விடிந்ததுமே திறக்கச் சொல்லிவிட்டார் மில் மேனேஜர். இவர் கெஞ்சிக் கூத்தாடி, சாமி ஆற்றை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் பொறுக்கச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்.

“சாமி கெளம்புனது அந்த மேட்டுல இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“மேளம் கேக்கும்ல. ஆத்தங்கரையில அடிக்கிறப்போ சத்தம் ஒரே எடத்துல நிக்கும். கோயில் பக்கம் நகந்துச்சுன்னா கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். எத்தன வருசமா கேக்குறோம்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரகம் இல்லாமல் மேளம் ஆற்றங்கரையை விட்டு நகர்ந்ததே கிடையாது.

காலையில் வேட்டி கட்ட வேண்டிய மனிதர் காக்கிச் சட்டையோடு நின்றார். மஞ்சள் பாவாடையில் இருந்த மகளைத் தூக்கி, “நீ பால்குடம் தூக்குறப்போ அப்பா வந்துடுவேன்” என்றார். போய்விட்டார்.

ஆற்றங்கரையில் நான் செய்த முதல் காரியம் மோந்து பார்த்ததுதான். சேற்று வாசம் மட்டும் இருந்தது. மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் பூசாரிக்கு அன்றைக்கென்று பார்த்து எதுவுமே சரிப்படவில்லை. பூவைச் சுற்றுவார், பிரிப்பார், மறுபடி சுற்றுவார். மேட்டில் கரை சரிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. “வெரசா கட்டுங்களேன்” என்றேன். என்னைப் பார்த்து முறைத்தார்.

அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்காரர்களின் லோரி கோயிலுக்கு அந்தப் பக்கமே சேற்றில் மாட்டிக்கொண்டது என்றார். அவர்கள் வருடா வருடம் அம்மனுக்குச் சீர்த்தட்டு கொண்டு வருகிறவர்கள். கரகம் ஜோடிக்கும் முன்பே ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள், மேளம் நின்ற இடத்திலிருந்தே அடித்து வரவேற்கும். மேளம் இல்லாமல் சீர் வந்தால் அது அவர்களுக்கு அவமரியாதை. தலைவர் பத்தாங் பெர்ஜுந்தை டவுனிலிருந்து வந்திருந்த மேளக்காரர்களைக் கூப்பிட்டு, “நீங்க போயி அழைச்சிட்டு வந்துடுங்க” என்றார்.

மேளம் போனது. நான் குனிந்து மகளின் இடுப்பில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்ததும் பூசாரியின் மனைவி அவளைக் கையைப் பிடித்து ஆற்றில் இறக்கினாள். மற்ற வேண்டுதல்காரர்களும் இறங்கினார்கள். அப்போதுதான் என் காதில் அது விழுந்தது. உறுமிச் சத்தம் ஆற்றை விட்டு, கோயிலை நோக்கி, தேய்ந்துகொண்டே போனது.

தலைவரின் கையைப் பிடித்து இழுத்தேன். வயது, மரியாதை எதுவும் தோன்றவில்லை.

“மேளத்தத் திருப்பிக் கூப்புடுங்க.”

“என்னம்மா பேசுற? சீர் வர வேணாமா?”

“மேளம் போனா எங்க வீட்டுக்காரரு வால்வத் தெறந்துடுவாரு. சாமி கெளம்பிடுச்சுன்னு நெனச்சுப்பாரு.”

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். விளங்கியதும் அவர் முகம் செத்துப்போனது. மேளத்தைத் திருப்ப ஒருவரை விரட்டினார். நான் ஆற்றைப் பார்த்து, “எல்லாரும் மேல வாங்க, மேல வாங்க” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருள் வந்து கத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

முதலில் நெடி வந்தது. பிறகு வளைவைத் தாண்டி நுரை வந்தது. அதன் பின்னால் கறுப்பாக, கரையை ஒட்டி, எங்கள் பக்கமாகவே வந்தது. நான் புடவையோடு குதித்து ஓடினேன். பூசாரியின் மனைவி அப்போதுதான் என் மகளை முழுக்காட்டித் தூக்கியிருந்தாள். பிள்ளையின் மார்புவரைக்கும் அந்தத் தண்ணீர். தலைமுடியில் நுரை ஒட்டியிருந்தது. அம்மன் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்ததால், இறுக்கமாக மூடியே இருந்தாள். மூக்கை மட்டும் சுருக்கி மோந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“அம்மா, அப்பா வந்துட்டாரா?”

அவளை அள்ளிக்கொண்டு கரையேறினேன்.

மேளம் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. வால்வை மூடிவிட்டு, செம்பனைகளுக்கு நடுவே பூட்ஸ் காலோடு ஓடிவந்தார். வேண்டுதல்காரர்கள் எல்லாரும் கறுப்பு வழிய நின்றிருந்தார்கள். தலைவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“நான் இருக்கேன்னு சொன்னியே தம்பி.”

“மேளம் போச்சேண்ணே.”

இவர் தலைவரைத் தாண்டி என்னிடம் வந்து, “கண்ணுல பட்டுச்சா?” என்றார். வழக்கமாக என் வாய் சும்மா இருக்காது. மேனேஜரை, மில்லை, இவர் கொடுத்த வாக்கை எல்லாம் சேர்த்துக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்றைக்கு, பிள்ளை கேட்டதை மட்டும் அப்படியே சொன்னேன். அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லயத்துப் பைப்பில் எல்லாரும் குளித்தார்கள். கரகத்துக்கும் பைப்புத் தண்ணீரைத்தான் பிடித்தார்கள். குளத்துக் கரை உடைவதற்குள் இவர் ஓடிப்போய் மறுபடி வால்வைத் திறந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஆற்றில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. மகளுக்குக் கண் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, சில நாளில் சரியாகிவிட்டது. மறுவருடம் யாரும் ஆற்றுப் பக்கம் போகப் பேச்செடுக்கவில்லை. கரகம் பைப்படிக்கு வந்துவிட்டது.

அடுத்த மழைக்கும் அவர்தான் வால்வைத் திறந்தார். வேலை அது. மகள் வழக்கம்போல வாசலுக்கு ஓடுவாள். அவர்தான் இரண்டு கையையும் நீட்டி, “குளிச்சிட்டு வர்றேன்மா, கிட்ட வராத” என்று அவளைத் தள்ளியே நிறுத்துவார்.