லயத்து வாசலுக்குப் போன வெள்ளைக் கார்

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் பதுளையில் கார் வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி போச்சு. பிற்பகலானால் மழை, மழை விட்டால் மரம் சொட்டும். என் வாடகை வீட்டு வாசலில் ஒரு பலா மரம் நிற்கிறது. பழுத்த இலை, வௌவால் எச்சம், பிசின் எல்லாவற்றையும் அது என் வெள்ளைக் காரின் தலையில்தான் கொட்டும். ஈர இலையை அப்படியே விட்டுவைத்தால் அதன் அச்சு பெயின்டில் பதிந்துவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காரைக் கழுவுவதுதான் முதல் வேலை.

மழைக்கு முன்னால் மெழுகு பூசிவிடுவேன். நனைந்த காருக்கு உறை போட மாட்டேன். உள்ளே ஒட்டிய மணல் உரசினால் தொலைந்தது. பக்கத்து வீட்டு டீச்சர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புள்ளயக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அம்மா ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். என்னோடு வந்து இரு என்றால், "வேல போயிரும்டி" என்பாள். ஒருநாள்கூட வந்து தங்கியதில்லை. நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவேன். ஆனால் கார் தோட்டத்துக் கோயிலடியோடு சரி. அதற்கு மேல் அம்மா இருக்கும் லயம், தொழிலாளர் அறைகளின் நீண்ட வரிசை. அதுவரைக்கும் உள்ள பாதை ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் தேயிலைக் கிளைகள் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கொழுந்து லொறிக்கு அது ஒரு பொருட்டில்லை. என் கார் போனால் இரண்டு பக்கக் கதவிலும் கோடு கிழித்துவிடும். நான் இறங்கி, குடை பிடித்துக்கொண்டு நடந்தே ஏறுவேன்.

அம்மாவுக்கு அதில் தீராத குறை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டிருக்கிறாள். அந்தப் பேச்சை அம்மா இன்னும் மறக்கவில்லை.

"கோயிலடில நிப்பாட்டிட்டு நடந்து வாறியே, ஒனக்குக் காரு இருக்குன்னு யாருக்குடி தெரியும்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாசல் வரைக்கும் கொண்டாயேன்."

"வெயில் வரட்டும், பாப்போம்மா."

"ஒனக்கு வெயில் வரவே வராது."

போன ஆயுத பூசைக்கு முதல் நாள் அவளே போன் எடுத்தாள். "நாளைக்குக் காரோட வா. வாசலுக்கே வா. ஒரு கீறல் விழாது, நா பொறுப்பு."

"நீ எப்படிப் பொறுப்பு?"

"வாயேன்!"

எரிச்சலோடுதான் போனேன். கோயிலடி வளைவில் நிறுத்தி மேலே பார்த்தேன். பாதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வளைவிலிருந்து லயம் வரைக்கும் இரண்டு ஓரமும் கிளைகளை யாரோ நேராக வெட்டித் தள்ளியிருந்தார்கள். வெட்டு வாய் வெள்ளையாக இருந்தது. பச்சைக் கிளைகள் தண்ணீர் ஓடும் கானுக்குள் குவிந்து கிடந்தன. மெல்ல ஏற்றினேன். ஒரு இலைகூடக் காரில் படவில்லை. செம்மண் சேறு மட்டும் கதவு வரைக்கும் அடித்தது. சேறு கழுவினால் போகும்.

அம்மா சந்தனத் தட்டோடு வாசலில் நின்றாள். பக்கத்துக் காம்பராக்காரி டயருக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்து, "அடேயப்பா, கண்ணாடியாட்டம் இருக்கே!" என்றாள். அம்மா காதில் விழாத மாதிரி தட்டிலிருந்த விளக்குத் திரியைத் தூண்டினாள். ஆனால் அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. மெழுகு பூசிய பானெட்டில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துப் பூசினாள். துடைக்கப் போன கையை நான் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மா காட்டிய சூடம் அணைவதற்குள் கங்காணி வந்துவிட்டார்.

"கொழுந்து எடுக்குற மரத்த வெட்டுனது யாரு?"

"நாந்தான்" என்றாள் அம்மா. தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி வாசல் படியிலேயே கிடந்தது.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க? தொரை பாத்துட்டாரு. ஒரு வாரத்துக்குப் பேரு போட மாட்டாங்க, வேலைக்கு வர வேணாம்."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "தேயில மறுபடி துளுத்துரும் கங்காணி. எம்புள்ள காருக்குத் தோலு துளுக்குமா?"

கங்காணி காரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "நல்லா இருக்கே கத!" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒனக்கு அறிவிருக்காம்மா? ஒரு கீறலுக்குப் பயந்து ஒரு வார வேலைய விட்டுட்டியே!"

"ஒரு வாரந்தானே. வா வான்னு கூப்புடுவியே, இப்பக் கூட்டிட்டுப் போ." உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வந்தாள். படியில் கிடந்த கத்தியை எடுத்துச் சாக்கில் சுற்றினாள்.

"இது எதுக்கு?"

"ஒன் வாசல்ல ஒரு பலா மரம் நிக்குதுன்னு சொன்னியே" என்று சொல்லி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.