மடையில வச்ச காலு

எங்க தெருவுக்கு மொத மொத கரண்ட்டுக் கம்பம் வந்துச்சு பாருங்க, அந்த வருசம். புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து ஊருக்கு ஊரு கொடியேத்திக்கிட்டிருந்தாங்க. கம்பத்துக்குக் குழி நானும்தான் வெட்டுனேன். ஆனா வெளக்கு எரிஞ்ச அன்னிக்கு நான் ஊருல இல்ல, ஆசுபத்திரியில கெடந்தேன். அதத்தான் சொல்ல வந்திருக்கேன். மெதுவாத்தான் சொல்லுவேன், மூச்சு வாங்குது. பொறுத்துக்குங்க.

எம்பேரு சவரிமுத்து. திருத்துறைப்பூண்டிக்குத் தெக்க எங்க ஊரு. பண்ணையில வேலை. அந்த வருசம் கூலியில அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டு நாங்க யாரும் நடவுக்கு எறங்கல. நாத்து முத்திப்போவுது. பண்ணையில மேக்கேருந்து லாரியில ஆளுங்களக் கொண்டாந்து எறக்கிட்டாங்க. அவங்களும் நம்மள மாதிரி வயித்துக்கு வந்தவங்கதான். அப்ப அது தோணல.

அதுல செல்லமுத்துன்னு ஒருத்தன். மடைய வெட்டித் தண்ணி திருப்ப ஆரம்பிச்சான். தண்ணி பாஞ்சா நடவு நடந்துடும், எங்க பாடு அவ்வளவுதான். நம்ம பக்கம் ஒடப்பு எடுத்தா, மண்ணு வர்ற வரைக்கும் ஒருத்தன் எறங்கி ஒடம்பால அடைச்சுக்கிட்டு நிப்பான்ல? அந்தப் பழக்கத்துல, வாய்க்காப் பக்கமா எறங்கி, அவன் வெட்டுன வாயில என் எடது கால நீட்டி அடைச்சேன். அவன் குனிஞ்சவன் நிமிரல. அடுத்த வெட்டு என் காலுல.

"ஐயோ அண்ணே!"ன்னு மண்வெட்டியப் போட்டுட்டு, தன் தோள்துண்டக் கிழிச்சு அவன்தான் கட்டுனான். இத அப்ப நான் யாருகிட்டயும் சொல்லல.

எங்க சித்தப்பா மவன் ராயப்பன் காதுல வந்து சொன்னான்: "பாத்துக்கிட்டேதான் வெட்டுனான்னு சொல்லுடா. அப்பதான் ஆளுங்கள ஏத்திக்கிட்டு லாரி திரும்பும்." போலீசு வந்து கேட்டாங்க. "தண்ணி தெளிவா இருந்துச்சுங்க. என் காலப் பாத்துக்கிட்டேதான் வெட்டுனான்"னேன். அவனப் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க.

காலு வீங்கிச்சு. சீழ் புடிச்சுது. காச்சல் எறங்கல. டவுன் ஆசுபத்திரியில மருந்து போட்டுப் போட்டுப் பாத்துட்டு, முட்டிக்குக் கீழ எடுத்துடணும்னுட்டாங்க. காலு இல்லாத பண்ணையாள வச்சு என்ன பண்றது, சொல்லுங்க? கைப்புள்ள வேற. எம்பொண்டாட்டி மரியாயி கட்டிலுக்குக் கீழ உக்காந்து செபமாலை சொல்லுவா. நானும் சொல்லிப் பாப்பேன். பாதியில நின்னுடும். கண்ண மூடுனா அந்தத் துண்டக் கிழிக்கிற சத்தம்.

எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ மடத்துக்குக் கொண்டுபோயிட்டு வந்துடுறேன்னு மரியாயி கெஞ்சுனா. மூணு நாள்ல திரும்பிடணும், மாத்திரைய விடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லித்தான் அனுப்புனாரு. மாட்டுவண்டியில வைக்கலப் பரப்பிப் போட்டு என்னைய ஏத்திக்கிட்டு மரியாயி மடத்துக்குப் போனா.

தஞ்சாவூரு ரோட்டுல சாமியாருங்க மடம். அங்க வாசக்கதவு தொறக்கிறவரு பிரதர் அருளப்பன். குட்டை ஆளு. கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி கெடையாது, நூலக் கட்டிக் காதுல மாட்டியிருப்பாரு. அவரும் பண்ணையாளு வீட்டுப் புள்ளதான். "படிப்பு ஏறல, அதான் சாமியாராவாம கதவுக்கு வந்துட்டேன்"னு சிரிப்பாரு. சனிக்கெழமையானா நடவுப் பொம்பளைங்க சேத்துப்புண்ணோட வரிசையா நிப்பாங்க. தகரத் தொட்டியில ஒவ்வொரு காலா கழுவி, சூசையப்பரு சிலைக்கு முன்னாடி வெளக்குல எரிஞ்ச எண்ணெயத் தடவி விடுவாரு. எந்தச் சாதிக் காலுன்னு பாக்க மாட்டாரு. நல்லாப் போச்சு பிரதர்னு வந்து சொன்னா கோவம் வந்துடும்: "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? உள்ள போயி சொல்லுங்க."

மரியாயி அவரு கால்ல விழுந்துட்டா. "சாமி, என் வீட்டுக்காரரு காலக் காப்பாத்துங்க."

"சாமி உள்ள இருக்காரும்மா, நான் வாசக்காரன். எந்திரி. கால இப்படி வைப்பா. எப்படி ஆச்சு?"

போலீசுக்குச் சொன்னதயே சொன்னேன். அவரு தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டே கேட்டாரு.

"தண்ணி தெளிவாவா இருந்துச்சு?"

"ஆமாங்க பிரதர்."

கட்டுல இருந்த சீழும் வழிப்புழுதியும் எறங்கித் தொட்டித் தண்ணி கலங்கிப் போச்சு.

"எங்க அப்பாரும் மடை வெட்டுனவருதான். வெட்டுன தண்ணியில நான் என் கையையே பாத்ததில்ல. ஒங்க ஊருல அவ்வளவு தெளிவா வருதா?"

திட்டுற மாதிரி கேக்கல. நெசமாவே கேக்குறவரு மாதிரி கேட்டாரு. "கலங்கல்தான் பிரதர். அவன் பாக்கல"ன்னுட்டேன்.

"அடப்பாவி மனுசா!" மரியாயி தலையில அடிச்சுக்கிட்டா. "அந்தப் பொய்யப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானா என்னைய இத்தனை நாளு செபம் சொல்ல வச்ச?"

பிரதர் எண்ணெயத் தடவுனாரு. என் தலையில கைய வச்சாரு. "எண்ணெ நான் போட்டுட்டேன். ஸ்டேசனுக்கு நீதான் போவணும்."

அன்னிக்குத்தான் என் செபம் முழுசா ஓடுச்சு. ஆண்டவரே, காலு போனாலும் போவட்டும், அவன வெளியில விட்டுடும்னேன். வேற எதுவும் கேக்கல.

மறுநா வண்டியோட ஸ்டேசன் வாசல்ல போயி நின்னேன். வாங்காத ஏச்சு இல்ல. எழுதி வாங்கிக்கிட்டு, சாயங்காலமா அவன விட்டாங்க. எளைச்சுப் போயிருந்தான். வண்டிகிட்ட வந்தான். அடிக்கப் போறான்னு நெனச்சேன்.

"காலு இருக்காண்ணே?"ன்னான்.

"இருக்குப்பா. நாளைக்கு வரைக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. மேக்க பஸ் ஏறிட்டான். அப்புறம் நான் அவனப் பாக்கல.

மூணாம் நாளு டாக்டரு கட்டப் பிரிச்சாரு. பாத்தாரு. மறுபடி பாத்தாரு. "சீழ் வடிஞ்சிருக்கே. சதை செவப்பு ஏறுது. இன்னும் ரெண்டு நாளு பாப்போம்"னாரு. அந்த ரெண்டு நாளுதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. மருந்து கேட்டிருக்குன்னாரு அவரு. இருக்கலாம். மருந்து முன்னாடியும் அதேதான் குடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

ஊருக்கு வந்தா தெருவுல வெளக்கு எரியுது. பேசத்தான் ஆளு இல்ல. "காட்டிக்குடுத்தவன் வர்றான் பாரு"ன்னு ராயப்பன் துப்புனான். ரெண்டு வருசம் ஒருத்தரும் எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கல. கேட்ட கூலி அப்புறமாக் கெடைச்சுது. அதுக்கு என் பொய்யி தேவப்படல. மடையில எறங்குனது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன். அப்புறம் சொன்னதுதான் தப்பு.

பிரதர் செத்தப்ப பெட்டிக்கு நானும் தோள் குடுத்தேன். நொண்டி நொண்டித்தான். சனமெல்லாம் குழி மண்ண மருந்துன்னு அள்ளி முடிஞ்சுக்கிட்டுப் போச்சு. நான் எதுவும் எடுக்கல. காலுதான் இருக்கே.

மழை வந்தா இந்தக் காலு வலிக்கும். வலிச்சா அந்தச் செல்லமுத்துப் பையனுக்காக ஒரு செபம் சொல்லுவேன். உங்களுக்கும் பாதியில நின்னுபோற செபம் இருக்கும். ஆண்டவருகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிட்டுக் கேளுங்க. கை விட மாட்டாரு. நான் பாத்திருக்கேன்.

ரொம்பப் பேசிட்டேன், களைச்சுப் போச்சு. ஒரே ஒரு ஒதவி. இங்கேருந்து போயி நாலு பேருகிட்ட இதச் சொல்லுங்க. மேக்க ஒறவுமொறை இருந்தா அங்கயும் சொல்லுங்க. எம்பேரு விட்டுப்போனாப் பரவால்ல. செல்லமுத்து பேரச் சொல்லுங்க. தண்ணி கலங்கலாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க.